சும்மா ஓட விட்டிருக்கலாமே? கிளப் பெங்குவின் எழுந்த கதையும் சரிந்த கதையும்

2005 முதல் 2017 வரை ஓடிய குழந்தைகள் இணைய விளையாட்டான கிளப் பெங்குவின் பற்றிப் பேச்சு எடுத்தால் மூன்று வசனங்கள் தவறாமல் வந்து விழும். "டிஸ்னி வாங்கிக் கெடுத்துட்டான்" என்பது முதலாவது. "ஃப்ளாஷ் போச்சு, அதோட இதுவும் போச்சு" என்பது இரண்டாவது; ஃப்ளாஷ் என்பது அதை ஓட வைத்த மென்பொருள். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: "மூடணும்னு என்ன அவசியம்? சர்வரைச் சும்மா ஓட விட்டிருக்கலாமே, பெருசா என்ன செலவு?"

முதல் இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. மூன்றாவதில் அறவே இல்லை, ஆனால் ஒரு குழந்தைகள் இணைய உலகம் எப்படி நடக்கிறது என்பதை விளக்க அந்தக் கேள்வியைவிட நல்ல வாசல் கிடையாது. அதனால் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே போவோம்.

முதலில், அங்கே என்னதான் இருந்தது?

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பிரவுசரில் தளத்தைத் திறந்து பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்தால் ஒரு பனித் தீவு வரும். நீங்கள் ஒரு குண்டுப் பெங்குவின். என்ன நிறம் என்பது உங்கள் விருப்பம். ஊர் நடுவே இடது பக்கம் காபிக் கடை, நடுவில் நைட் கிளப், வலது பக்கம் துணிக்கடை. சுற்றிலும் நாற்பது ஐம்பது பெங்குவின்கள் அலைந்துகொண்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் எங்கோ ஒரு வீட்டில் ஒரு நிஜக் குழந்தை. டி எழுத்தைத் தட்டினால் பெங்குவின் ஆடும். பனி உருண்டையை எடுத்து அடுத்தவர் தலையில் எறியலாம். எறிந்தால் யாருக்கும் வலிக்காது, புள்ளியும் கிடையாது, ஆனாலும் எல்லாரும் எறிந்துகொண்டே இருப்பார்கள்.

சின்னச் சின்ன விளையாட்டுகளும் உண்டு. காபி மூட்டைகளைப் பிடித்து அடுக்குவது, சுரங்கத்து வண்டியில் சறுக்குவது, பனியில் துளையிட்டு மீன் பிடிப்பது. ஆடினால் நாணயம் கிடைக்கும், அதை வைத்துத் துணி வாங்கலாம், இக்ளூ வீட்டை அலங்கரிக்கலாம், பஃபிள் என்ற பஞ்சு உருண்டை மாதிரிச் செல்லப்பிராணி வளர்க்கலாம்.

கேமும் உலகமும் ஒன்றல்ல

சதுரங்கப் பலகையை வாங்கி வீட்டில் வைத்தால் பத்து வருஷம் கழித்தும் அது சதுரங்கப் பலகைதான். தூசி தட்டி ஆடலாம். அதை விற்றவர் கடையை மூடிவிட்டாலும் பலகைக்கு ஒன்றும் ஆகாது. தனியாள் ஆடும் கம்ப்யூட்டர் கேமும் கிட்டத்தட்ட இப்படித்தான்.

தெருவில் சாயங்காலம் பிள்ளைகள் ஐஸ்பாய் ஆடுவது வேறு கதை. அங்கே தெரு இருக்கிறது, ஆனால் தெருவா விளையாட்டு? பிள்ளைகள் வந்தால்தான் அது விளையாட்டு, வராத நாளில் அது வெறும் தெரு. இந்தத் தெருவைக் கம்ப்யூட்டருக்குள் கட்டினால் அதற்குப் பெயர் மெய்நிகர் உலகம்: ஒரே நேரத்தில் பலர் உள்ளே இருந்து, ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசிப் புழங்கும் இணைய இடம். அதில் உங்களுக்குப் பதிலாக நடமாடும் உருவம் அவதார். இங்கே அவதார் என்பது அந்தப் பெங்குவின். இத்தனை பேரின் நடமாட்டத்தையும் ஒரு இடத்தில் சேர்த்து வைத்து எல்லாருக்கும் திருப்பிக் காட்டும் கம்ப்யூட்டர்தான் சர்வர். அது நின்றால் தெருவே இல்லை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மிச்சம் எதுவும் இருக்காது.

இதுவரை வந்த இடம் இவ்வளவுதான்: கிளப் பெங்குவின் வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் இல்லை, யாரோ தினமும் திறந்து வைக்க வேண்டிய இடம்.

யார் திறந்து வைத்தார்கள்?

கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கெலோனா என்று ஓர் ஏரிக்கரை ஊர். அங்கே லான்ஸ் பிரீப், லேன் மெரிஃபீல்ட், டேவ் கிரிஸ்கோ என்ற மூவர். பிரீப் ஏற்கெனவே 2000 ஆம் ஆண்டிலேயே பெங்குவின்கள் உலவும் ஒரு சின்ன அரட்டை விளையாட்டைச் செய்து பார்த்தவர். அப்புறம் பெங்குவின் சாட் என்று இன்னொன்று. அந்த வித்துகளிலிருந்து வளர்ந்தது 2005 அக்டோபர் 24 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட கிளப் பெங்குவின்.

அவர்களுடைய நோக்கம் கேட்க எளிது, செய்யக் கஷ்டம். தன் வீட்டுக் குழந்தையைத் தைரியமாக உள்ளே விடக்கூடிய ஓர் இடம், வெளி விளம்பரம் எதுவும் இல்லாமல். விளம்பரம் வேண்டாம் என்று சொன்ன அந்த ஒரு முடிவுதான் பிறகு வந்த நல்லது கெட்டது இரண்டையும் தீர்மானித்தது என்பது என் எண்ணம். காசு எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அப்போதே ஒரே ஒரு பதில்தான் மிஞ்சியது. அதற்கு வருகிறேன், அதற்கு முன்னால் செலவைப் பார்ப்போம், ஏனென்றால் செலவைப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் "சும்மா ஓட விட்டிருக்கலாமே" என்கிறார்கள்.

பேச்சுதான் ருசி, பேச்சுதான் ஆபத்து

குழந்தைகள் வந்தது மீன் பிடிக்க இல்லை. மீன் பிடிக்கும் விளையாட்டு இணையத்தில் ஆயிரம் கிடைக்கும். அவர்கள் வந்தது மற்ற குழந்தைகளோடு இருக்க. ஆனால் முகம் தெரியாதவர்கள் குழந்தையோடு பேசலாம் என்று கதவைத் திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் வருவார்கள், பத்து வயதுப் பெங்குவினுக்குப் பின்னால் நாற்பது வயது ஆள் இருக்கலாம்.

இதைச் சமாளிக்கச் செய்யும் வேலைக்கு மாடரேஷன் என்று பெயர்: என்ன பேசப்படுகிறது என்று கவனித்து, கூடாததைத் தடுப்பது. கிளப் பெங்குவினில் இது பல அடுக்காக இருந்தது.

முதல் அடுக்கு, பெற்றோர். கணக்கு தொடங்கப் பெற்றோரின் மின்னஞ்சல் வேண்டும். அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளின் தகவலைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் திரட்டக் கூடாது என்று 1998 இல் ஒரு சட்டம் வந்தது, 2000 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இரண்டாவது, பேசும் முறையிலேயே இருந்தது. மிகப் பாதுகாப்பான முறையைப் பெற்றோர் தேர்ந்தெடுத்தால் குழந்தையால் எதையும் தட்டச்சு செய்யவே முடியாது. "வணக்கம்", "என் இக்ளூவுக்கு வருகிறாயா" என்பது போல முன்பே எழுதி வைத்த வாக்கியங்களின் பட்டியலிலிருந்து ஒன்றைச் சொடுக்கலாம், அவ்வளவுதான். ஊமைக்குச் சைகைப் புத்தகம் கொடுத்த மாதிரி. சாதாரண முறையில் தட்டச்சு செய்யலாம், ஆனால் நடுவே ஃபில்டர் உட்கார்ந்திருக்கும், அதாவது ஒவ்வொரு வரியையும் சல்லடையில் சலித்துப் பார்க்கும் மென்பொருள். கெட்ட வார்த்தை, தொலைபேசி எண், முகவரி மாதிரி எதுவும் வெளியே போகக் கூடாது.

இதில் ஒரு குறும்பான நுணுக்கம் உண்டு. சல்லடையில் சிக்கிய வரி எழுதியவர் திரையில் மட்டும் தெரியும், மற்றவர் யாருக்கும் தெரியாது. எழுதிய பையன் தான் சொல்லிவிட்டதாக நினைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருப்பான். சொல்லவில்லை என்று தெரிந்தால்தானே வேறு எழுத்துக்கூட்டலில் மறுபடி முயற்சி செய்வான்! கொஞ்சம் மோசமாகப் போனால் கணக்கே முடக்கப்படும். முதலில் ஒரு நாள், மேலும் போனால் நிரந்தரமாக.

மூன்றாவது அடுக்குதான் சம்பளம் கேட்கும் அடுக்கு: மனிதர்கள். சல்லடைக்குக் கிண்டல் தெரியாது, புதுக் கெட்ட வார்த்தை தெரியாது, மூன்று நல்ல வார்த்தைகளைச் சேர்த்து ஒரு அசிங்கத்தை உருவாக்கும் பன்னிரண்டு வயதுப் புத்திசாலித்தனம் சுத்தமாகத் தெரியாது. அதனால் வேலைக்கு ஆட்களை வைத்து, அறைகளைப் பார்க்கச் சொல்லி, புகார்களைப் படிக்கச் சொல்ல வேண்டும். இன்னொரு மொழியில் தொடங்கினால் அந்த மொழி தெரிந்த ஆட்களோடு எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும். கிளப் பெங்குவின் காலப்போக்கில் ஆங்கிலம் தவிர போர்ச்சுகீசியம், பிரெஞ்சு, ஸ்பானிஷ், ஜெர்மன், ரஷ்யன் மொழிகளிலும் வந்தது, இங்கிலாந்திலும் பிரேசிலிலும் அலுவலகம் இருந்தது.

ஆகவே சர்வருக்கான மின்கட்டணம் இந்தக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. சர்வரை "சும்மா ஓட" விடலாம். அறை முழுக்கக் குழந்தைகளை வைத்துக்கொண்டு ஆயாவை மட்டும் வீட்டுக்கு அனுப்ப முடியாது.

திருவிழா ராட்டினமும் மாதச் சந்தாவும்

சரி, காசு. விளம்பரம் இல்லை. அப்படியென்றால் கொடுக்க வேண்டியது பெற்றோர்.

கோயில் திருவிழாவுக்குள் நுழையக் காசு கிடையாது, ஆனால் ராட்டினத்தில் ஏற உண்டு. இலவசமாக உள்ளே போன பிள்ளை ராட்டினத்தடியில் நின்று அண்ணாந்து பார்க்கும், பிறகு அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுக்கும். கிளப் பெங்குவினும் இதேதான். உள்ளே போக, பேச, ஆட, நாணயம் சேர்க்க எல்லாம் இலவசம். ஆனால் சேர்த்த நாணயத்தை வைத்துத் துணி வாங்கவோ இக்ளூவுக்குச் சாமான் போடவோ உறுப்பினராக இருக்க வேண்டும். அதற்குச் சந்தா, அதாவது மாதாமாதமோ ஆண்டுக்கு ஒருமுறையோ கட்டும் தொகை: மாதம் 5.95 டாலர், ஆண்டுக்குக் கட்டினால் 57.95.

யோசித்துப் பாருங்கள், பையில் பத்தாயிரம் நாணயம், கடையில் தொப்பி இருக்கிறது, விலை தெரிகிறது, வாங்க முடியாது. 2009 வாக்கில் பெரியப்பா வீட்டுக் கம்ப்யூட்டரில் நானும் இப்படி மொட்டைப் பெங்குவினாகத் திரிந்தவன்தான். டாலரில் கட்ட கிரெடிட் கார்டு கேட்டபோது பெரியப்பா பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்த ஏக்கம் தற்செயலானதல்ல, அதுதான் வியாபாரம்.

வியாபாரம் நன்றாகவே நடந்தது. 2007 ஆகஸ்டில் டிஸ்னி வாங்கியபோது சுமார் 1 கோடியே 20 லட்சம் கணக்குகள், அதில் சுமார் 7 லட்சம் பேர் சந்தா கட்டுபவர்கள். 17 பேரில் ஒருவர். எல்லாரும் ஆண்டுச் சந்தா கட்டியதாக வைத்துக்கொண்டாலே ஆண்டுக்கு 4 கோடி டாலர் வருகிறது. டிஸ்னி கொடுத்தது 35 கோடி டாலர். இலக்குகளை எட்டினால் மேலும் 35 கோடி வரை தருவதாகவும் ஒப்பந்தம். அந்த இலக்குகள் எட்டப்படவில்லை, அந்த இரண்டாவது தொகை கைமாறவும் இல்லை. தொடங்கி இரண்டே வருஷம் ஆன பெங்குவின் தீவுக்கு 35 கோடி என்பதே தலை சுற்றும் விலைதான்.

20 கோடி என்ற எண்ணை நம்பலாமா?

2013 வாக்கில் கிளப் பெங்குவினில் 20 கோடிக்கு மேல் கணக்குகள் என்று சொல்லப்பட்டது. இதை எடுத்து வைத்துக்கொண்டு "20 கோடிக் குழந்தைகள் ஆடியதை மூடிட்டாங்க" என்று எழுதுகிறவர்கள் உண்டு. பொய் இல்லை, ஆனால் தப்பு.

ஒரு பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்த நாளிலிருந்து சேர்ந்த அத்தனை பேரின் பெயரும் பதிவேட்டில் இருக்கும். பேரன் எடுத்தவர் பெயரும் இருக்கும். இன்று காலை பிரேயருக்கு எத்தனை பேர் நின்றார்கள் என்பது வேறு கணக்கு. பதிவுக் கணக்கு என்பது அந்தப் பதிவேடு. ஆக்டிவ் யூசர் என்பது குறிப்பிட்ட நாளிலோ மாதத்திலோ உண்மையில் உள்ளே வந்தவர். முதல் எண் குறையவே குறையாது, கூட்டம் காலியாகிக்கொண்டிருக்கும்போதும் அது ஏறிக்கொண்டுதான் இருக்கும். கடவுச்சொல் மறந்த பையன் புதுக் கணக்கு திறந்தால் அதுவும் ஒன்று கூடும். நானே மூன்று.

பள்ளிக்கூட உவமையை நான் சும்மா எடுக்கவில்லை. குழந்தைகளுக்கான உலகத்துக்கென்றே ஒரு நோய் உண்டு: வாடிக்கையாளர் வளர்ந்துவிடுகிறார். எட்டு வயதில் வந்தவன் பன்னிரண்டில் "இதெல்லாம் சின்னப் பசங்க ஆடுறது" என்று கிளம்பிவிடுவான், அவனை நிறுத்தி வைக்க எந்தத் தந்திரமும் கிடையாது. விட்டுப் போகிறவர்களின் விகிதத்துக்கு சர்ன் என்று பெயர். சோப்பு விற்கிறவருக்கும் சர்ன் உண்டு, ஆனால் சோப்புப் பிடித்தவர் அறுபது வயது வரை அதையே தேய்க்கலாம். இங்கே அப்படி இல்லை. ஓட்டைக் குடம்தான், ஓட்டையை அடைக்க முடியாது, மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால்தான் மட்டம் நிற்கும். ஒவ்வொரு ஜூனிலும் புது அட்மிஷன் வர வேண்டும்.

2010 க்குப் பிறகு நின்றது இந்த அட்மிஷன்தான்.

புது அட்மிஷன் எங்கே போனது?

இங்கேதான் ஃப்ளாஷ் வருகிறது. ஃப்ளாஷ் என்பது பிரவுசருக்குள் அனிமேஷனும் விளையாட்டும் ஓட வைக்கப் பயன்பட்ட, அடோபி நிறுவனத்தின் மென்பொருள். கிளப் பெங்குவின் முழுக்க அதில் கட்டியது.

"ஃப்ளாஷ் நின்றதால் கிளப் பெங்குவின் நின்றது" என்பவர்கள் காலண்டரைப் பார்ப்பதில்லை. கிளப் பெங்குவின் மூடியது 2017 மார்ச் கடைசியில். ஃப்ளாஷை நிறுத்தப்போகிறோம் என்று அடோபி அறிவித்ததே 2017 ஜூலையில்தான், உண்மையில் நிறுத்தியது 2020 டிசம்பர் கடைசியில். கருமாதி முடிந்து நான்கு மாதம் கழித்து வந்த காய்ச்சலைச் சாவுக்குக் காரணம் என்கிறார்கள்.

ஆனாலும் ஃப்ளாஷுக்குப் பங்கு உண்டு, வேறு வழியில். ஐபோனில் ஃப்ளாஷ் ஓடாது. 2010 இல் ஐபேட் வந்தது, அதிலும் ஓடாது. அதே வருஷம் ஏப்ரலில் ஏன் ஓட விடமாட்டோம் என்று ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு பகிரங்கக் கடிதமே எழுதினார். ஏழு வயதுக் குழந்தைக்கு ஹாலில் இருந்த கம்ப்யூட்டர்தான் இணையம் என்ற காலம் போய், சோபாவில் கிடக்கும் அம்மாவின் போன் இணையமாக மாறிய நேரம் அது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களை ஃப்ளாஷ் வெளியேற்றவில்லை. புதிதாக வர வேண்டியவர்கள் வரும் வழியில் அது கதவாக இல்லை, சுவராக இருந்தது. கிளப் பெங்குவினுக்கும் ஐபேடில் செயலி வந்தது, ஆனால் 2013 இல். மூன்று வருஷம் குழந்தைகளின் கணக்கில் ஒரு தலைமுறை.

அதற்குள் தெருவில் வேறு விளையாட்டு ஆரம்பித்திருந்தது. 2011 இல் முழு வடிவில் வந்த மைன்கிராஃப்டில் குழந்தையே உலகத்தைக் கட்டலாம். ரோப்லாக்ஸில் ஆடுபவர்களே விளையாட்டு செய்து மற்றவர்களுக்குத் திறந்து விடலாம். கிளப் பெங்குவினில் துணியை மாற்றலாம், மேஜையை நகர்த்தலாம், மற்றபடி எல்லாமே கெலோனாவில் யாரோ வரைந்து அனுப்பியதுதான்.

கூட்டம் குறையும்போது என்ன ஆகும்?

கூட்டமாக இருக்கும் ஹோட்டலில்தான் நாமும் நுழைவோம், ஈ ஓட்டும் கடையில் இட்லி நன்றாகவே இருந்தாலும் தயங்குவோம். ஒவ்வொருவர் வருவதாலும் மற்றவர்களுக்கு அந்த இடத்தின் மதிப்பு கூடுவதை நெட்வொர்க் எஃபெக்ட் என்பார்கள். ஏறும்போது இதைப் பற்றி எல்லாரும் பெருமையாகப் பேசுவார்கள். இறங்கும்போதும் அதே விதி, அதே வேகம். நைட் கிளப்பில் ஐம்பது பேர் ஆடினால் அது பார்ட்டி. மூன்று பேர் ஆடினால் அந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

செலவு மட்டும் அந்த விகிதத்தில் இறங்காது. மூன்று குழந்தைகள் இருந்தாலும் ஆயா வேண்டும்.

சுருக்கிப் பார்த்தால்: வளர்ந்தவர்கள் போவது இயல்பு, புதியவர்கள் வராததுதான் சிக்கல், கூட்டம் குறைந்ததால் இருந்தவர்களும் போனார்கள், சந்தா குறைந்தது, காவலுக்கான சம்பளம் அப்படியே நின்றது.

அப்போ டிஸ்னி?

டிஸ்னி வாங்கிய பிறகு இது கிட்டத்தட்ட பத்து வருஷம் ஓடியது. மேலே சொன்ன 20 கோடியில் பெரும் பகுதி டிஸ்னி காலத்தில் வந்ததுதான். பிற மொழிகள், கடைகளில் பஃபிள் பொம்மைகள், பொம்மையோடு வரும் ரகசியக் குறியீடு எல்லாம் அந்தப் பணத்தில் நடந்தவை. அதனால் "வாங்கினான், கெட்டது" என்பது நேர்மையான கணக்கு இல்லை.

குறை இல்லாமலும் இல்லை. ஆரம்பத்தில் தீவுக்குச் சொந்தமான கதைகள் இருந்தன. ராக்ஹாப்பர் என்ற கடற்கொள்ளைப் பெங்குவின் தன் கப்பலில் வருவான். எந்த அறையில் அவனைச் சந்திக்கலாம் என்று பிள்ளைகள் சர்வர் சர்வராகத் தேடுவார்கள். பிற்காலத்தில் மார்வெல் பார்ட்டி, ஸ்டார் வார்ஸ் பார்ட்டி, ஃப்ரோஸன் பார்ட்டி என்று நிறுவனத்தின் படங்கள் தீவுக்குள் வர ஆரம்பித்தன. விளம்பரம் வேண்டாம் என்று ஆரம்பித்த இடம், தானே விளம்பரப் பலகையாக நின்றது. பழைய ஆட்கள் முகம் சுளித்ததில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் பார்ட்டி பிடிக்காமல் போனவர்களைவிட போனைக் கையில் வைத்துக்கொண்டு வராமலே போனவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன். டூன்டவுன், பிக்ஸி ஹாலோ போன்ற தன் மற்ற இணைய உலகங்களை டிஸ்னி 2013 செப்டம்பரில் ஒரே நாளில் மூடியபோதே திசை தெரிந்துவிட்டது.

பனிப்பாறை கவிழ்ந்த நாள்

தீவின் ஓரத்தில் ஒரு பனிப்பாறை உண்டு. தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஆடினால் பெங்குவின் துளையிடும் கருவியை எடுத்துக் குடையும். போதுமான பேர் ஒரே பக்கம் நின்று குடைந்தால் பாறை கவிழும் என்று ஆரம்ப காலத்திலேயே ஒரு வதந்தி. வருஷக்கணக்கில் எங்கெங்கோ இருந்த பிள்ளைகள் நேரம் குறித்துக்கொண்டு கூடிக் குடைந்தார்கள். ஒரு தடவையும் கவிழவில்லை. கவிழும்படி யாரும் புரோகிராம் எழுதவே இல்லை.

மூடப்போகிறோம் என்று அறிவித்த பிறகு, 2017 இல் தீவின் கடைசி வாரங்களில், எழுதினார்கள். பிள்ளைகள் கூடிக் குடைந்தபோது பாறை நிஜமாகவே கவிழ்ந்தது. இருபது வயது ஆனவர்கள் பழைய கடவுச்சொல்லைத் தேடிக் கண்டுபிடித்து இதற்காகவே வந்தார்கள். மார்ச் இறுதியில் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

அதே சமயம் போனுக்காகக் கிளப் பெங்குவின் ஐலேண்ட் என்ற புதிய 3டி உலகத்தைத் திறந்தார்கள். அது 2018 டிசம்பர் வரைதான் தாங்கியது.

சும்மா ஓட விட்டால் என்ன ஆகும்?

கடைசியாக, அந்த மூன்றாவது வசனம். அதற்கு ஊகமாகப் பதில் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் சிலர் நிஜமாகவே செய்து பார்த்துவிட்டார்கள். தனியார் சர்வர் என்பது உரிமையாளரின் அனுமதி இல்லாமல் ரசிகர்கள் தாங்களே ஓட்டும் பிரதி. மூடியதும் இப்படிப் பல கிளம்பின. அதே காபிக் கடை, அதே பாட்டு, அதே பஃபிள், அதுவும் சந்தா இல்லாமலே. 2020 ஊரடங்கில் வீட்டில் அடைந்திருந்தவர்கள் கூட்டமாக உள்ளே போனார்கள்.

அவற்றில் ஒன்று கிளப் பெங்குவின் ஆன்லைன். அதே 2020 மே மாதம் பிபிசி உள்ளே போய்ப் பார்த்தபோது பெங்குவின்கள் இனவெறி பேசிக்கொண்டிருந்தன, பாலியல் பேச்சும் ஓடிக்கொண்டிருந்தது. டிஸ்னி பதிப்புரிமை நோட்டீஸ் அனுப்ப, தளம் மூடப்பட்டது. ரீரிட்டன் என்ற இன்னொரு பெரிய பிரதியை 2022 ஏப்ரலில் லண்டன் சிட்டி போலீஸ் கையகப்படுத்தியது, பதிப்புரிமை மீறல் சந்தேகத்தில் மூன்று பேர் கைதானார்கள்.

ரசிகர்களால் படங்களை, இசையை, வரைபடத்தை, பனி உருண்டையைக்கூட அச்சு அசலாகப் பிரதி எடுக்க முடிந்தது. கெலோனாவில் சம்பளம் வாங்கிக்கொண்டு அடுத்தவர் வீட்டுப் பிள்ளைகளின் பேச்சை நாளெல்லாம் படித்துக்கொண்டிருந்த அந்த ஆட்கள் எந்தக் கோப்பிலும் இல்லை.